புளியங்கொட்டையும் இங்கிலீஷும்

காலை வேளையில் வையம்பட்டியிலிருந்து திருச்சிக்கு வரும் பஸ்ஸில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? மணப்பாறையையும் தாண்டி, திண்டுக்கல் போகும் சாலையில், திருச்சியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. காவேரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்த ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பார்த்தால், "அப்பாடா, என்ன வறட்சி!" என்பார்கள். வானம் பார்த்த பூமி. கடலை, சோளம், ஆடு, மாடு. பொன்னணியாறு அணையில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் அக்கம்பக்கத்துச் சில ஊர்களில் கொஞ்சம் பச்சை தெரியும். அந்த பஸ்ஸில், மடியில் சாப்பாட்டு டப்பாவும் தோளில் பையுமாக, காலேஜுக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேராவது கட்டாயம் இருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பன்னிரண்டு வருஷம் தமிழிலேயே படித்தாள். கெட்டிக்காரி. இங்கிலீஷும் அவளுக்குப் புதிதல்ல. கட்டுரையை நெட்டுருப் போட்டு எழுதி, நல்ல மார்க்கே வாங்கினாள். ஆனால் அந்த இங்கிலீஷ் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிக் கட்டிய பட்டுப் புடவை மாதிரி. பரீட்சையன்று உடுத்தி, மறுநாள் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீட்டோடு கட்டிக் கொள்கிற நூல் சேலையாக அது ஒரு நாளும் ஆகவில்லை.

திருச்சியில் முதல் நாள் வகுப்பில் புரொபஸர் இங்கிலீஷில் ஏதோ கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் டவுன் பெண் பட்டென்று பதில் சொல்கிறாள். நம் பெண்ணுக்கும் பதில் தெரியும். தமிழில் தெரியும். அதை இங்கிலீஷில் பெயர்த்து முடிப்பதற்குள் புரொபஸர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். மறுநாள் இவள் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து கொள்கிறாள்.

கடைசி பெஞ்சில் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் கெடாது, ஒரு வாரம் என்றால். ஆனால் முதல் வருஷம் வாய் திறக்காமல் இருந்து பழகியவள் மூன்று வருஷமும் அப்படியே இருந்துவிடுகிறாள். பிறகு வேலைக்கு நேர்முகம் என்றால் கை நடுங்குகிறது. இரண்டு இடத்தில் தவறினால், "போதும்மா, உனக்கு எதற்கு இந்த வீண் அலைச்சல்?" என்று வீட்டில் ஜாதகத்தைத் தூசி தட்டி எடுத்து விடுகிறார்கள். மூன்று வருஷம் பஸ்ஸில் அலைந்ததற்கு ஒரு பட்டம் சுவரில் தொங்கும்.

இது நம் ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் வந்த சங்கடம் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'யாபா யிங்யூ'. 'ஊமை இங்கிலீஷ்' என்று அர்த்தம்! அங்கே 1987-ஆம் வருஷம் முதல் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று தேசம் முழுவதற்கும் பொதுவான ஓர் இங்கிலீஷ் பரீட்சையை ஏற்படுத்தி நடத்தி வருகிறார்கள். பிள்ளைகள் வார்த்தைப் பட்டியலை விடிய விடிய உருப் போடுகிறார்கள். இலக்கணத்தில் நம்மையெல்லாம் தோற்கடித்து விடுவார்கள். ஆனால், "உன் ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லேன்" என்றால் முகம் சிவந்து தலையைக் குனிந்து கொள்வார்கள். வையம்பட்டிப் பெண்ணேதான், முகஜாடை மட்டும் வேறு.

இந்த ஊமைத்தனத்தை உடைக்கக் கையாளப்படும் வழிகளில் ஒன்று நம்முடைய கவனத்துக்கு உரியது. சிறு பிராயத்து ஞாபகங்களை ஒருவர் எழுதியிருப்பதைப் படிக்கக் கொடுப்பது. படித்த பிறகு, "சரி, உன் ஞாபகம் ஒன்றைச் சொல்" என்று கேட்பது. அவ்வளவுதான். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? ஆனால் இதில் இரண்டு சூட்சுமங்கள் இருக்கின்றன.

ஒன்று, மானப் பிரச்னை. இங்கிலீஷ் வராத பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது? பெரிய புத்தகம் புரியாது. சின்னக் குழந்தைகளின் படப் புத்தகத்தைக் கொடுத்தால் அழுகை வரும். "நான் என்ன பாப்பாவா?" என்று தோன்றும். சிறு பிராயத்து நினைவுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. எழுதுகிறவர் வயது வந்தவர், யோசனையும் பெரியவர்களுடையது. ஆனால் சொல்கிற சங்கதியோ வீடு, மழை, அம்மா, வாத்தியார், திருட்டு மாங்காய். சின்னச் சின்ன வார்த்தைகளே போதும். படிக்கிறவளுக்குக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இரண்டாவது சூட்சுமத்தைச் சொல்வதற்கு உங்களை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

1979-இல் அமெரிக்காவில் மார்கரெட் ஸ்டெஃபன்ஸென், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு கடிதங்கள். ஒன்றில் ஓர் அமெரிக்கக் கல்யாணம். மற்றதில் ஓர் இந்தியக் கல்யாணம். இரண்டும் இங்கிலீஷில்தான். இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இரண்டையும் படிக்கக் கொடுத்து, பிறகு ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? அவரவர் தேசத்துக் கல்யாணத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள். அதிகமாகவும் ஞாபகம் வைத்துக் கொண்டார்கள். அந்நியக் கல்யாணத்தில் தடுமாறியது மட்டுமல்ல, வேடிக்கையாகவும் மாற்றிச் சொன்னார்கள். அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் கல்யாண உடையை எடுத்து உடுத்திக் கொள்கிறாள். அங்கே அது பெருமை. நம்மவர் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? பெண் பார்க்க நன்றாகத்தான் இருந்தாளாம், ஆனால் உடைதான் பழசாம், நாகரிகம் போதாதாம்! அமெரிக்கர்களும் இலேசுப்பட்டவர்கள் இல்லை. வரதட்சிணை விவகாரத்தை ஏதோ இரண்டு வீட்டாரும் அன்பாகப் பரிசு மாற்றிக் கொள்கிற வழக்கம் என்று எடுத்துக் கொண்டவர்கள் உண்டு. (அப்படியே இருந்திருந்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு நிம்மதியாக எரிந்திருக்கும்!)

ஆக, ஒரு பக்கம் புரிவதும் புரியாமல் போவதும் வார்த்தையை மட்டும் பொறுத்ததல்ல. அந்தப் பக்கத்தில் நடக்கிற காரியம் படிக்கிறவர் மனசில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. காரியம் தெரிந்திருந்தால் தெரியாத வார்த்தை கூடத் தானாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கொள்ளும்.

இப்போது ராமேசுவரத்துக்கு வாருங்கள்.

அப்துல் கலாம் அருண் திவாரியுடன் சேர்ந்து இங்கிலீஷில் எழுதிய சுயசரிதை 1999-இல் வெளிவந்தது. தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என்று நம் வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்ட புத்தகம்தான். சீன மொழியில் கூட வந்திருக்கிறது. ராக்கெட், ஏவுகணை என்ற பகுதிகளைத் தற்சமயம் ஒதுக்கி வையுங்கள். முதல் சில பக்கங்களில் அவருடைய பிள்ளைப் பிராயம் இருக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து எடுத்து 'என் குழந்தைப் பருவம்' என்று ஒரு பாடமாக, 2006-இல் வெளிவந்த தேசியக் கல்விக் குழுவின் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் சேர்த்தார்கள். வடக்கே இமயமலை அடிவாரத்துக் குழந்தைகள் கூட ராமேசுவரத்து மசூதித் தெருவைப் பற்றிப் படித்து இங்கிலீஷ் கற்றுக் கொண்டார்கள்!

அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது? சுண்ணாம்பும் செங்கல்லுமாய்க் கட்டிய பழைய வீடு. வீட்டு மனிதர்களை விட அதிகமாக வெளி மனிதர்களுக்குச் சோறு போட்ட தாயார் ஆஷியம்மா. சமையலறைத் தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாழை இலையில் சோறு, சாம்பார், வீட்டில் போட்ட ஊறுகாய், அப்போது அரைத்த தேங்காய்ச் சட்டினி. இதைப் படிக்க வையம்பட்டிப் பெண்ணுக்கு யாராவது உரை சொல்ல வேண்டுமா? கரண்டியால் எடுத்துப் போடுவதற்கு இங்கிலீஷில் 'லேடில்' என்று ஒரு சொல் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இலை முன்னே இருக்கிறது, சோறு விழுகிறது, பக்கத்தில் அம்மா. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அகராதியைத் தொடாமலே அந்தச் சொல் அவளுடையதாகிவிட்டது. இனி மறக்கவும் மாட்டாள்.

அப்புறம் யுத்தம் வருகிறது. 1939. எட்டு வயதுப் பையன். திடீரென்று கடைத்தெருவில் புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்படுகிறது. கலாம் கொட்டை பொறுக்கிக் கொண்டு போய் மசூதித் தெருவில் ஒரு மளிகைக் கடையில் விற்பார். ஒரு நாள் வசூல் ஓர் அணா. ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போக ஆரம்பித்தபோது, ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிந்து விடுவார்கள். அவற்றைச் சேகரிக்கத் தம் ஒன்றுவிட்ட சகோதரர் சம்சுதீனுக்கு ஒத்தாசை செய்து, முதல் சம்பளம் வாங்குகிறார்.

இவ்வளவும் சுவாரஸ்யம்தான். ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பக்கங்களின் உயிர் வேறு இரண்டு சம்பவங்களில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் கலாம் எப்போதும் முன் வரிசையில், கோயில் அர்ச்சகரின் மகனான தன் சிநேகிதன் ராமநாத சாஸ்திரிக்குப் பக்கத்தில் உட்காருவது வழக்கம். புதிதாக ஓர் உபாத்தியாயர் வருகிறார். முஸ்லிம் பையன் அர்ச்சகர் மகனோடு உட்காருவது அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போ என்கிறார். கலாம் போகிறார். முன் வரிசையில் சாஸ்திரிப் பையன் அழுகிறான். அந்த அழுகையைத்தான் கலாம் ஆயுள் பூராவும் மறக்கவில்லை. பையனின் தகப்பனார் லட்சுமண சாஸ்திரி உபாத்தியாயரைக் கூப்பிட்டு அனுப்பி, கண்டிப்பாகப் பேசி, மனிதரை வருந்த வைத்தார் என்பது பின்கதை.

மற்றொன்று, விஞ்ஞான உபாத்தியாயர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டில் நடந்தது. ஆசாரமான குடும்பம். ஆனால் அவர் கலாமைச் சாப்பிட அழைத்து விட்டார். அவருடைய மனைவியோ தம் மடியான சமையலறையில் ஒரு முஸ்லிம் பையனுக்குப் பரிமாற முடியாது என்று சொல்லி விட்டார். ஐயர் கோபித்துக் கொள்ளவில்லை. தாமே பரிமாறி, தாமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கொண்டே இருந்தார். கிளம்பும்போது ஐயர், "அடுத்த வாரமும் வா" என்கிறார். அடுத்த வாரம் அந்த அம்மாளே பையனை உள்ளே அழைத்துப் போய், தம் கையாலேயே பரிமாறினார்.

சகோதரிகளே, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்த ஒரு வாரத்தில் அந்த அம்மாளின் மனசு என்ன பாடு பட்டிருக்கும்! புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை ஊகிக்க நம்மால் முடியும். கடைசி பெஞ்சுக்குத் தானாகவே போய் உட்கார்ந்த நம் பஸ் பெண்ணும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பையனைப் பற்றிப் படிக்கும்போது பாடம் படிப்பதாக நினைக்க மாட்டாள். மேலே என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அந்த அவசரத்தில் எழுவாய், பயனிலையெல்லாம் வழியிலே தாமாகவே ஒதுங்கிக் கொள்ளும்.

இந்தக் கதைக்கும் திருச்சிக்கும் நேரடி உறவே இருக்கிறது. 1950-இல் கலாம் படிக்க வந்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குத்தான். விடுதி அறையில் அவருடன் இருந்த இருவரில் ஒருவர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஆசாரமான ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். (மூன்று பேரும் ஒரே அறையில் என்ன பாஷை பேசிக் கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.) பௌதிகம் படிக்க வந்த அந்தப் பிள்ளை கடைசி வருஷத்தில்தான் இங்கிலீஷ் இலக்கியத்தில் ருசி கண்டாராம். டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி என்று படித்ததாக எழுதியிருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தி அல்ல, ருசி ஏற்பட்டதனால்.

ருசி என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிலீஷில் எழுதி உலகப் புகழ் பெற்ற ஆர். கே. நாராயண், பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் தோற்றுப் போனார். எந்தப் பாடத்தில் என்கிறீர்கள்? இங்கிலீஷில்! உங்கள் வீட்டுப் பெண் மார்க் குறைந்து அழும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். 1974-இல் வெளிவந்த அவருடைய சுயசரிதை, சென்னைப் புரசவாக்கத்தில் பாட்டி வீட்டில் கழித்த பிள்ளைப் பிராயத்தில் ஆரம்பிக்கிறது. தோட்டத்து மணலில் விளையாடும் தனிக் குழந்தை. கூட்டாளிகளோ ஒரு மயிலும் ஒரு குரங்கும். 1935-இல் வந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலிலும் அந்தப் பிராயத்தின் வாசனைதான். சின்ன வாக்கியங்கள், அலட்டல் இல்லாத இங்கிலீஷ். மணப்பாறையிலும் புரிகிறது, மான்செஸ்டரிலும் புரிகிறது.

'அப்படியானால் சிறு பிராயத்தைப் பற்றி யார் எழுதியிருந்தாலும் சரிதானா?' என்று கேட்பீர்கள். இல்லை. சார்லஸ் லாம் 1822-இல் எழுதிய 'கனவுக் குழந்தைகள்' கட்டுரையைப் பழைய காலேஜ் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் பிள்ளைப் பிராயத்து ஞாபகம்தான். உருக்கமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொள்ளுப் பாட்டியின் மாளிகையையும் அதன் தோட்டத்துப் பழங்களையும் நம் பெண் எங்கே பார்த்தாள்? போதாததற்கு ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிவதற்குள் காபி ஆறிவிடும். இங்கிலீஷ் நன்றாக வந்த பிறகு லாம் படிப்பது சந்தோஷம். இங்கிலீஷ் வருவதற்காக லாம் படிப்பது தண்டனை. பாட புஸ்தகம் தயாரிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பல காலம் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் நம் சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆரம்பப் பள்ளிகளில் இங்கிலீஷ் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி தருவதற்கு ஏற்பாடு செய்தார்கள். சிலருக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, அவர்கள் பலருக்குச் சொல்லிக் கொடுப்பது, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெரிதாகிற பனி உருண்டை போல என்று அதற்கு 'ஸ்னோபால்' என்றே பெயர் வந்துவிட்டது. பனியையே காணாத ராஜ்யத்தில் பனி உருண்டை! வாக்கிய அமைப்புகளை ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவதுதான் அந்தக் காலத்து முறை. இது மேஜை, அது நாற்காலி. வாக்கியம் வந்தது, சொல்வதற்குச் சேதிதான் இல்லை.

சீனாவுக்கு ஒரு முறை திரும்பிப் போய் வரலாம். லூ ஸுன் என்ற மகா எழுத்தாளர் 1881-இல் பிறந்தவர். தம் பிள்ளைப் பிராயத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1928-இல் புத்தகமாயின. வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழடைந்த தோட்டம், அதில் பூச்சிகளின் சங்கீதம், பனிக் காலத்தில் முறத்தைச் சாய்த்து வைத்துக் குருவி பிடித்தது, பிறகு கண்டிப்பான வாத்தியாரின் திண்ணைப் பள்ளிக்கூடம்: இதைச் சொல்கிற கட்டுரை அங்கே பள்ளிப் பாடப் புத்தகங்களில் வெகு காலமாக இருந்து வருவது. சீனத்துப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். இதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, யாங் ஸியன்யி, அவர் மனைவி கிளாடிஸ் இருவரும் செய்தது, கிடைக்கிறது. காலேஜில் ஒரு சீனப் பெண் அதை எடுத்தால் கதை முழுவதும் முன்கூட்டியே தெரியும். பாஷை ஒன்றுதான் புதிது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நீச்சல் பழகுவது போல.

அங்கே இன்னொருவர், சியாங் யீ. 1933-இல் இங்கிலாந்து வந்து இறங்கியபோது அவருக்கு இங்கிலீஷ் மிகக் கொஞ்சம்தான் தெரியும். 1940-இல், தாமே வரைந்த சித்திரங்களுடன், தம் சீனத்துப் பிள்ளைப் பிராயத்தை இங்கிலீஷிலேயே புத்தகமாக எழுதி லண்டனில் வெளியிட்டு விட்டார். ஏழு வருஷம்! பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் பிரிந்து, தூர தேசத்தில் தனியாக இருந்தவருக்கு வீட்டு ஞாபகத்தைத் தவிர வேறு என்ன சொத்து?

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லி விடுகிறேன். பிள்ளைப் பிராயத்து ஞாபகம் தாய்ப் பாஷையிலேயே படுத்துத் தூங்குகிறது. 2000-ஆம் வருஷம் வயோரிகா மரியன், உல்ரிக் நைஸர் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் அமெரிக்காவில் ஒன்றைக் காட்டினார்கள். ரஷ்ய பாஷை பேசி வளர்ந்து, பிறகு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த மாணவர்களிடம் ரஷ்ய பாஷையில் பேசி ஞாபகங்களைக் கேட்டால், ரஷ்ய பாஷை பேசிய சூழலில் நடந்த சம்பவங்கள் அதிகமாக வந்தன. இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷ் பேசிய சூழலில் நடந்த சம்பவங்கள் அதிகமாக வந்தன. ஆகையால் காலேஜில் ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தி, "உன் குழந்தைப் பருவத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசு" என்றால் அவளுக்குக் கண் இருட்டுவது அவள் குற்றமல்ல. முதலில் தமிழில் ஞாபகம் வரட்டும். வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லட்டும். அப்புறம் இங்கிலீஷ்.

கேட்கிற விதத்திலும் ஜாக்கிரதை வேண்டும். எல்லாருடைய பிள்ளைப் பிராயமும் மயிலும் மணலுமாக இருந்து விடுவதில்லை. அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரிகள், ஆடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியது, சாப்பாடு இல்லாத நாள், ஜாதி சொல்லித் திட்டியது: இவற்றை இருபது பேர் நடுவில், அரைகுறை இங்கிலீஷில் சொல்ல யாருக்கு மனசு வரும்? 'உன் குழந்தைப் பருவம்' என்று மொத்தமாகக் கேட்காமல், ஒரு பொருளைக் கேட்பது உத்தமம். உன் வீட்டில் இருந்த ஒரு மரம். முதன்முதலில் உன் கையில் வந்த காசு. மழை பெய்த ஒரு நாள். சொல்ல விரும்புகிறவள் அதன் வழியாக எல்லாவற்றையும் சொல்லி விடுவாள். விரும்பாதவள் மரத்தோடு நிறுத்திக் கொள்வாள்.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம், உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. பெண்ணின் கையில் இங்கிலீஷ் புத்தகம். உங்கள் கையில் 'அக்னிச் சிறகுகள்'. ராத்திரி அடுப்படி வேலை ஓய்ந்த பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் படியுங்கள். அவள் தனக்கு என்ன புரிந்தது என்று தமிழில் சொல்லட்டும். உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள். இரண்டு வார்த்தை மாறினால் சண்டை போடுங்கள், நல்லதுதான். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி அகராதியைப் புரட்டவோ, செல்போனில் தட்டிப் பார்க்கவோ விடாதீர்கள்; ஒரு பக்கத்துக்கு மூன்று சொல் போதும். மற்றவை மறுபடி வரும்போது தாமே முகம் காட்டும். ஐந்து பக்கமானதும் அவளுடைய சொந்த ஞாபகம் ஒன்றை ஐந்தே வரி இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் இருக்கட்டும். சிவப்பு மைப் பேனாவுக்கு வீட்டில் வேலை இல்லை.

இதெல்லாம் வெறும் கதை படிப்பதுதானே, இதில் இங்கிலீஷ் வந்து விடுமா என்று சந்தேகிக்கிறவர்களுக்கு பிஜித் தீவைக் காட்டலாம். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஜனங்கள் கப்பலேறிப் போன அதே பிஜிதான். அங்கே கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வார்விக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் இங்கிலீஷ் கதைப் புத்தகங்களை, வகுப்புக்கு 250 என்ற கணக்கில், வெள்ளம் போலக் கொண்டு வந்து கொட்டினார்கள். 1983-இல் முடிவுகள் வெளியாயின. கதைப் புத்தகத்தில் முங்கிக் கிடந்த குழந்தைகள், பழைய முறையில் வாக்கியம் சொல்லிப் பழகிய குழந்தைகளை வேகமாக முந்தி விட்டார்கள். இதனால் இலக்கணமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பேசிப் பேசித்தான் பேச்சு வரும் என்பதும் மாறவில்லை. ஆனால் பேச ஒரு சரக்கு வேண்டுமே! அது இங்கேதான் கிடைக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு தனி யோசனை. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகள் உங்களுக்குத் தெரியாமலிருக்காது. சித்திரை வீதிகளும் ரங்கு கடையும் பாட்டியும் கிரிக்கெட்டும். அவரும் படித்தது செயின்ட் ஜோசப்பில்தான். அதில் ஒன்றைத் தமிழில் படித்துவிட்டு, இங்கிலீஷே தாய்ப் பாஷையாகி விட்ட உங்கள் அமெரிக்கப் பேரனுக்கு இங்கிலீஷில் சொல்லும்படி பெண்ணிடம் சொல்லுங்கள். பேரனுக்குக் கதை புரியாது. கேள்வி மேல் கேள்வி கேட்பான். வராந்தா வேறு, திண்ணை வேறு என்று விளக்குவதற்குள் அவளுக்கு ஒரு வருஷத்து இங்கிலீஷ் வந்துவிடும்.

வையம்பட்டிப் பெண்ணுக்கு என்ன யோசனை? கலாமின் புத்தகத்தில் அவளுக்கென்றே ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறது. யுத்த காலத்தில் புளியங்கொட்டைக்கு ஏன் அப்படிக் கிராக்கி வந்தது என்பது தமக்கு விளங்கவே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். ஏவுகணை செய்தவருக்கு விளங்காத விஷயம்! புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி மாவாக்கினால், நெசவாலைகளில் நூலுக்குப் போடும் கஞ்சிக்கு அது உதவும். தானிய மாவுக்குப் பதிலாக இதை உபயோகிக்கலாம் என்று ஆலைக்காரர்கள் கண்டுகொண்டதும் அந்த யுத்த சமயத்தில்தான். புளிய மரத்தடியிலே வளர்ந்தவள் அவள். கொட்டையை வறுத்துத் தின்றவள், பல்லாங்குழியில் போட்டு விளையாடியவள். நாளைக்கு வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது இதை எழுந்து நின்று சொல்ல ஏறக்குறைய நாற்பது இங்கிலீஷ் வார்த்தைகள் வேண்டியிருக்கும். அவற்றில் முப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.